33 வாட் தின்று 8 வாட் தரும் பெருக்கி

கேள்வி: குருபோங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்த பிறகு, ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வெளியிட்ட மைக்ரோ பிட்எக்ஸ் வரைபடத்தை அடியொற்றி, சில மாற்றங்களுடன் ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்டியிருக்கிறேன். கடைசிக் கட்டத்தில் ஐஆர்எஃப்510 இரண்டு, புஷ்-புல் இணைப்பு. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் 1:2 சுற்று. சப்ளை 13.8 வோல்ட்.

7.1 மெகாஹெர்ட்ஸில் டம்மி லோடில் 8 வாட் வருகிறது. அப்போது 2.4 ஆம்பியர் இழுக்கிறது. மைக்கில் பேசாமல் பிடிடி பொத்தானை மட்டும் அழுத்தினாலே 1.1 ஆம்பியர் போகிறது. 21 மெகாஹெர்ட்ஸில் 3 வாட்தான். 28-க்குப் போனால் 1.5 வாட்டைத் தாண்டுவதில்லை. ஹீட்சிங்க்கில் விரல் வைக்க முடியவில்லை. மிட்சுபிஷி ஆர்டி16 டிரான்சிஸ்டருக்கு மாறலாமா? சப்ளையை 24 வோல்ட்டுக்கு ஏற்றலாமா? நண்பர் ஒருவர் காலியம் நைட்ரைடு போடச் சொல்கிறார். எப்படியாவது 100 வாட் வரை கொண்டுபோக வேண்டும் என்பது ஆசை. வழி சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், குருபோங், மலாக்கா

பதில்: தம்பி, கேள்வியோடு அளவுகளையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் உருப்படியாக ஏதாவது சொல்ல முடிகிறது. ‘பவர் வரவில்லை, என்ன செய்யலாம்’ என்று மொட்டையாக வரும் கடிதங்களுக்கு ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

13.8 வோல்ட்டை 2.4 ஆம்பியரால் பெருக்கினால் 33 வாட். அதில் 8 வாட் ஆன்டெனா முனைக்குப் போகிறது, மீதி 25 வாட் உங்கள் விரலைச் சுடுகிறது. செயல்திறன் 24 விழுக்காடு. பி வகுப்புப் பெருக்கியின் கோட்பாட்டு உச்சம் 78.5 விழுக்காடு. நேர்த்தியாகக் கட்டிய ஏபி வகுப்பில் 50 முதல் 60 வரை எதிர்பார்க்கலாம். ஆகவே உங்கள் பெருக்கியில் கோளாறு இருக்கிறது, ஆனால் அது டிரான்சிஸ்டரில் இல்லை என்றே நினைக்கிறேன்.

கணக்குப் போடுவதற்கு முன் ஒரு சந்தேகம். அந்த 2.4 ஆம்பியர் மொத்த ரேடியோவும் இழுப்பதா, கடைசிக் கட்டம் மட்டுமா? ரிலே, திரை, ட்ரைவர் எல்லாம் சேர்ந்தே சில நூறு மில்லிஆம்பியர் வாங்கும். டிரெயின்களுக்குப் போகும் சிவப்பு வயரை வெட்டி, இடையில் ஆம்பியர் மீட்டரைப் போட்டு அளவெடுங்கள். அந்த 8 வாட்டையும் ஆஸிலாஸ்கோப்பில் சரிபாருங்கள். 50 ஓம் டம்மி லோடில் 8 வாட் என்றால் உச்சியிலிருந்து உச்சி வரை 56 அல்லது 57 வோல்ட் தெரிய வேண்டும். மலிவான எஸ்டபிள்யூஆர் மீட்டர்கள் ஹார்மோனிக்கையும் சேர்த்துக் கூட்டி நம்மைச் சந்தோஷப்படுத்தும்.

இனி உங்கள் டிரான்ஸ்ஃபார்மருக்கு வருகிறேன். 1:2 சுற்று என்றால் மின்மறுப்பு 1:4. ஆன்டெனா பக்கத்து 50 ஓம், டிரெயினுக்கும் டிரெயினுக்கும் இடையே 12.5 ஓமாகத் தெரியும். ஒரு புஷ்-புல் பெருக்கி அதிகபட்சம் எவ்வளவு பவர் தரும் என்பதற்கு எளிய சூத்திரம் இருக்கிறது. சப்ளை வோல்ட்டிலிருந்து டிரான்சிஸ்டர் தனக்கென்று பிடித்துக்கொள்ளும் வோல்ட்டைக் கழித்து, மிச்சத்தை வர்க்கப்படுத்தி, இரண்டால் பெருக்கி, அந்த ஓமால் வகுக்க வேண்டும். ஐஆர்எஃப்510-க்கு ஒரு 2 வோல்ட் ஒதுக்கினால் மிச்சம் 11.8. வர்க்கம் 139, இரட்டித்தால் 278. அதை 12.5 ஆல் வகுத்தால் 22 வாட்.

ஆக, 22 வாட்டுக்கு ஏற்ற லோடைக் கொடுத்துவிட்டு 8 வாட் எடுக்கிறீர்கள். லாரி நிறைய ஏற்ற வேண்டிய இடத்தில் ஒரே ஒரு செம்பனைக் குலையைப் போட்டு மில்லுக்கு அனுப்புகிற கதைதான். 8 வாட்டுக்கு ஒவ்வொரு டிரெயினும் 7 வோல்ட் மட்டுமே ஆடுகிறது. ஆட வேண்டியது கிட்டத்தட்ட 12. டிரெயின் வோல்ட் அடித்தளம் வரை இறங்காமல் நடுவழியில் நிற்கும்போது, அந்த மிச்ச வோல்ட்டும் ஓடுகிற ஆம்பியரும் பெருகி அத்தனையும் சூடாகிறது. பி வகுப்புக் கணக்குப்படி இந்த நிலையில் கிடைக்கக்கூடிய உச்சச் செயல்திறனே 40 விழுக்காடுதான். வேறு எந்தக் குறையும் இல்லாத பெருக்கியாக இருந்தாலும் 1.44 ஆம்பியர் இழுத்தே தீரும்.

டிரான்ஸ்ஃபார்மரை 2:3 ஆக மாற்றிச் சுற்றிப் பாருங்கள். முதன்மையில் இரண்டு சுற்று, நடுவே டேப், இரண்டாம் நிலையில் மூன்று சுற்று. இப்போது டிரெயின்கள் பார்ப்பது 22 ஓம். உச்ச பவர் 12.5 வாட்டாகக் குறையும். ஆனால் அதே 8 வாட்டுக்கு டிரெயின் 9.4 வோல்ட் ஆடும், செயல்திறன் 53 விழுக்காட்டைத் தாண்டும், மின்னோட்டம் 1.1 ஆம்பியருக்கு இறங்கும். ஒரு சுற்றுக் கம்பிதான் மாறியது.

கெயினும் இதோடு சேர்ந்தே கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கேட்டில் அதே சிக்னல், டிரெயினில் அதே மின்னோட்ட ஆட்டம். அது பெரிய ஓமில் பாயும்போது பவர் கூடத்தானே செய்யும்? டிரெயின் அடித்தளத்தில் இடிக்கிற வரை இப்படியே போகலாம். இடித்த பிறகு கெயின் சரியும், குரல் பிசிறடிக்கும், பக்கத்து அலைவரிசைக்காரர் திட்டுவார். செயல்திறனுக்கு ஒரு மருந்து, கெயினுக்கு இன்னொரு மருந்து என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவான இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லோடைப் பொருத்துவது என்றதும், டிரான்சிஸ்டரின் உள் மின்மறுப்புக்குச் சமமான லோடைக் கொடுக்க வேண்டும் என்று கல்லூரியில் படித்தது நினைவுக்கு வரும். சிறிய சிக்னல் பெருக்கிகளுக்கு அது சரி. பவர் பெருக்கியில் லோடைத் தீர்மானிப்பது சப்ளை வோல்ட்டும் நீங்கள் கேட்கிற வாட்டும்தான்.

அடுத்தது பயாஸ். பேசாமலே 1.1 ஆம்பியர் என்றால், மற்றப் பகுதிகளுக்கு 400 மில்லிஆம்பியர் என்று தாராளமாகக் கழித்தாலும் இரண்டு டிரான்சிஸ்டரும் சேர்ந்து 700 மில்லிஆம்பியர் சும்மா இழுக்கின்றன. அதுவே ஏறத்தாழ 10 வாட் சூடு, ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே. ஃபர்ஹானின் வடிவமைப்பில் ஒவ்வொரு ஐஆர்எஃப்510-க்கும் 100 மில்லிஆம்பியர்தான் சொல்லியிருக்கிறார். அது போதும். இரண்டு பயாஸ் திருகிகளையும் முழுக்கக் குறைத்துவிட்டு, ஒன்றை 100-க்கு ஏற்றுங்கள், பிறகு மற்றதையும் ஏற்றி மொத்தம் 200 கூடும்படி வையுங்கள். ஹீட்சிங்க் சூடேறிய பின் மறுபடி பாருங்கள். இந்த அளவு மின்னோட்டத்தில் மாஸ்ஃபெட்டின் தொடக்க வோல்ட் சூட்டில் இறங்கும், அதனால் பயாஸ் தானாக ஏறும், ஏறியது மேலும் சூடாக்கும். குளிர்ந்த நேரத்தில் வைத்த 100, அரை மணி நேரத்தில் 300 ஆகிவிடலாம். உங்களுக்கு இதுதான் நடந்திருக்கும் என்று சந்தேகிக்கிறேன். ஹீட்சிங்க்கோடு ஒட்டி ஒரு டையோடை வைத்து, பயாஸ் வோல்ட் அதைப் பின்தொடரும்படி செய்தால் அடங்கும். நம் ஊரில் தகரக் கூரைக்குக் கீழே மதியம் மூன்று மணிக்கு ரேடியோ போடுகிறவர்களுக்கு இது கட்டாயம்.

பயாஸை ஒரேயடியாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் செயல்திறன் இன்னும் கூடும். மோர்ஸ் மட்டும் அடிக்கிறவர் அப்படிச் செய்யலாம். எஸ்எஸ்பி குரலுக்கு ஆகாது. சின்னச் சத்தங்கள் வெட்டுப்பட்டுக் குரல் கரகரக்கும்.

இனி, டிரான்சிஸ்டர் செய்த பவர் வழியில் எங்கெங்கே ஒழுகுகிறது என்று பார்க்கலாம். சப்ளை பக்கத்தில் தலைகீழ் இணைப்புப் பாதுகாப்புக்கு ஒரு டையோடு தொடராகப் போட்டிருக்கிறீர்களா? அது 0.7 வோல்ட் தின்னும். பவர் வோல்ட்டின் வர்க்கத்தில் போவதால், உச்ச பவரில் பதினொரு விழுக்காட்டுக்கு மேல் அங்கேயே காலி. பி-சானல் மாஸ்ஃபெட் ஒன்று அதே வேலையை ஏறத்தாழ இழப்பின்றிச் செய்யும். மெல்லிய சப்ளை வயரும் அப்படித்தான். டிரெயின் டேப்பில், கீ அழுத்திய நிலையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 13.8 என்று நீங்கள் நம்புவது அங்கே 13.1 ஆக இருக்கலாம்.

அவுட்புட் பக்கத்தில் லோ-பாஸ் ஃபில்டர். ஒழுங்காகக் கட்டினால் அரை டெசிபலுக்குள் இழப்பு முடிய வேண்டும், அதாவது பத்து விழுக்காடு சொச்சம். ஒரு டெசிபல் ஆகிவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு பவர் போய்விட்டது. நானோ விஎன்ஏ கருவி இப்போது மலிவாகக் கிடைக்கிறது, நண்பரிடம் இரவல் வாங்கியாவது ஒவ்வொரு ஃபில்டரையும் தனியாக அளந்துவிடுங்கள். கருவி இல்லையென்றால் ஒரு பழைய வழி: ஒரு நிமிடம் முழுப் பவரில் ஓட்டி, ரேடியோவை அணைத்துவிட்டு, ஃபில்டர் கெபாசிட்டர்களையும் காயில்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அது திருடுகிறது. சாதாரண மஞ்சள், பழுப்பு வட்டுக் கெபாசிட்டர்கள் இங்கே உதவாது. சி0ஜி வகை அல்லது சில்வர் மைக்கா வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் கோர் சுட்டால் அது சிறியதாக இருக்கிறது, அல்லது ஃபெரைட் ரகம் தப்பு. ஃபில்டர் காயிலுக்குச் சிவப்பு, மஞ்சள் நிற இரும்புத்தூள் வளையம். அகன்ற அலைவரிசை டிரான்ஸ்ஃபார்மருக்கு 43 ரக ஃபெரைட். இரண்டையும் மாற்றிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது 7 மெகாஹெர்ட்ஸ் கதை. 28-இல் பவர் படுத்துவிடுவது வேறு நோய். இதற்கு உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஃபர்ஹானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2003-இல் அவர் பிட்எக்ஸ் வரைபடத்தை வெளியிட்டபோது, இந்தியச் சந்தையில் எளிதாகக் கிடைக்கும் உதிரிகளை வைத்தே இருபக்கமும் வேலை செய்யும் எஸ்எஸ்பி ரேடியோ கட்ட முடியும் என்று காட்டினார். பிறகு அவருடைய எச்எஃப் சிக்னல்ஸ் நிறுவனம் கட்டி முடித்த போர்டுகளையே விற்றது. அவற்றின் காயில்களை ஹைதராபாத் பெண்கள் குழு ஒன்று கையால் சுற்றித் தந்தது. 2017 கடைசியில் மைக்ரோ பிட்எக்ஸ் வந்தபோது உலகமெங்கும் வாங்கினார்கள். வரைபடம் திறந்தது என்பதால் குறைகளும் வெளிப்படையாகவே பேசப்பட்டன. முதல் பதிப்புகளில் ரிலேக்களின் வழியே ஹார்மோனிக் கசிந்தது, அதைப் பின்வந்த பதிப்பில் திருத்தினார். பவர் 7 மெகாஹெர்ட்ஸில் நன்றாகவும், 28-இல் அதில் ஒரு சிறு பங்காகவும் வந்தது. ஐஆர்எஃப்510 ஸ்விட்சிங் வேலைக்குச் செய்த மாஸ்ஃபெட், வானொலிக்கென்று பிறந்ததல்ல. விலை ஓரிரு ரிங்கிட் என்பதால் அமெச்சூர்கள் அதைத் தத்தெடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஏன் படுக்கிறது? முதல் காரணம் கேட் கெபாசிட்டன்ஸ். தரவுத்தாளில் 180 பிகோஃபாரட். 7 மெகாஹெர்ட்ஸில் அது 125 ஓம் போலத் தெரியும், 28-இல் 31 ஓம். டிரெயினிலிருந்து கேட்டுக்குத் திரும்பும் 15 பிகோஃபாரட் வேறு கெயினால் பெருகி இதோடு சேரும். ட்ரைவர் கொடுக்கிற சிக்னலை இந்தக் கெபாசிட்டன்ஸ் தரைக்கு வழித்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் சோர்ஸ் கால். இதை நேரில் பாருங்கள். ஐஆர்எஃப்510-இன் சோர்ஸ் காலுக்குத் தரவுத்தாள் சொல்லும் இண்டக்டன்ஸ் 7.5 நானோஹென்றி. 28 மெகாஹெர்ட்ஸில் அது 1.3 ஓம். டிரான்ஸ்கண்டக்டன்ஸ் 1.3 சீமென்ஸ் அளவில் இருக்கும் டிரான்சிஸ்டருக்கு இந்தச் சின்ன 1.3 ஓமே கெயினை வோல்ட் கணக்கில் பாதியாக்கிவிடும். அதுவே 7 மெகாஹெர்ட்ஸில் பத்து விழுக்காடு கூடக் குறைக்காது. கால் ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ ஒரு நானோஹென்றி கூடும். போர்டிலிருந்து ஹீட்சிங்க் எட்டவில்லை என்று காலை நீளமாக விட்டு வளைத்திருந்தால், 28 மெகாஹெர்ட்ஸை நீங்களே விட்டுவிட்டீர்கள். டிரான்சிஸ்டரை ஹீட்சிங்க்கில் பொருத்திய பிறகு, சோர்ஸ் காலை உடம்பை ஒட்டியே வெட்டி, அகலமான செப்புத்தகடு ஒன்றைப் பற்றவைத்து நேரே தரைத்தளத்தில் இறக்குங்கள். ஒரு பைசா செலவில்லை.

மூன்றாவது காரணம் கடைசிக் கட்டமே இல்லை, அதற்கு முன்னால் இருப்பவர்கள். ட்ரைவரில் 2என்3904 போட்டிருப்பீர்கள். அதன் கெயின் ஒன்றாகும் அலைவரிசை 300 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். அப்படியென்றால் 7-இல் நாற்பது மடங்கு மின்னோட்டக் கெயின், 28-இல் பத்து மடங்குதான். இப்படி இரண்டு மூன்று கட்டங்கள் தொடர்ந்து வந்தால் சரிவு பெருகிக்கொண்டே போகும்.

எது குற்றவாளி என்று தெரிய ஒரே சோதனை. ஆஸிலாஸ்கோப்பின் பத்து மடங்கு புரோபை ஐஆர்எஃப்510 கேட்டில் வைத்து, 7-இலும் 28-இலும் ஆட்டத்தை அளவெடுங்கள். கேட்டிலேயே பாதிக்கும் கீழே குறைந்திருந்தால் முன்கட்டங்களையும் கேட்டுக்கு வரும் டிரான்ஸ்ஃபார்மரையும் பாருங்கள். கேட்டில் குறையாமல் டிரெயினில் மட்டும் குறைந்தால் சோர்ஸ் காலும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் மாட்டிக்கொண்டன.

முன்கட்டங்களைச் சரிசெய்ய, எமிட்டர் ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு சிறு கெபாசிட்டர் போடுவது வழக்கம். 10 ஓமுக்கு இணையாக 470 பிகோஃபாரட் என்றால் உயர் அலைவரிசையில் மட்டும் கெயின் தூக்கும். கேட் பக்கத்தில் 10 முதல் 22 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும், அதற்கு இணையாக 220 பிகோஃபாரட்டும் வைத்தால், கீழே உபரியாக இருக்கும் கெயின் குறைந்து மேலும் கீழும் சமமாகும். கெயினை உண்டாக்குகிற வேலை இல்லை இது, 7 மெகாஹெர்ட்ஸில் இருக்கிற தாராளத்தை விட்டுக்கொடுக்கிற வேலை. கூடவே பெருக்கி தானாக அலையும் ஆபத்தும் குறையும். பேசாதபோது ஆம்பியர் மீட்டர் திடீரென்று குதித்தால் பெருக்கி அலைகிறது என்று அர்த்தம். உடனே அணைத்துவிடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரை நானோ விஎன்ஏயில் பார்ப்பதும் சுலபம். இரண்டாம் நிலையில் 50 ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்து, முதன்மையில் அளவெடுங்கள். 2:3 சுற்றுக்கு 22 ஓம் தெரிய வேண்டும். 7-இல் 22 ஆக இருந்து, 28-இல் அதோடு இண்டக்டிவ் பகுதி பெரிதாகச் சேர்ந்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணையவில்லை. இறுக்கிச் சுற்றுங்கள். பிறகும் மிச்சமிருந்தால் முதன்மைக்கு இணையாக ஒரு சிறு மைக்கா கெபாசிட்டரைப் போட்டு, அளவைப் பார்த்துப் பார்த்து மாற்றுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஆர்டி16 பற்றி யோசிக்கலாம். 30 மெகாஹெர்ட்ஸ் வானொலிக்கென்றே செய்த மாஸ்ஃபெட் அது. 12.5 வோல்ட்டில் 16 வாட், 16 டெசிபல் கெயின் என்று தரவுத்தாள் உறுதி தருகிறது. முதுகுத் தகடு சோர்ஸோடு இணைந்தது, ஆகவே நேரே ஹீட்சிங்க்கில் திருகிவிடலாம். மைக்காத் தகடு வேண்டாம், சோர்ஸ் கால் தொல்லையும் பெருமளவு தீரும். ஐஆர்எஃப்510-இல் முதுகு டிரெயின் என்பதை மறந்துவிடாதீர்கள். கால் வரிசையும் வேறு. ஐஆர்எஃப்510-இல் கேட், டிரெயின், சோர்ஸ். ஆர்டி16-இல் கேட், சோர்ஸ், டிரெயின். பழைய ஓட்டையில் அப்படியே செருகினால் டிரெயின் சப்ளை நேரே தரைக்குப் போய், முதல் விநாடியிலேயே கதை முடியும். ஆனால் 12.5 ஓம் லோடை அப்படியே வைத்துக்கொண்டு ஆர்டி16 போட்டால், 28-இல் பவர் கூடும், 7-இல் செயல்திறன் பெரிதாக மாறாது. விலை கூடிய டிரான்சிஸ்டரும் அதே 7 வோல்ட்தானே ஆடும்?

இணையத்தில் வாங்கினால் போலிகள் ஜாக்கிரதை. வேறு ஏதோ மாஸ்ஃபெட்டின் முதுகைத் தேய்த்துப் பெயர் அச்சடித்து விற்கிறார்கள். கெபாசிட்டன்ஸ் மீட்டரில் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே அளந்து, நம்பகமான ஒன்றோடு ஒப்பிடுங்கள். மடங்குக் கணக்கில் வித்தியாசம் வந்தால் திருப்பி அனுப்புங்கள். கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது எனக்கு இன்றும் பிடித்த வழி.

24 வோல்ட் யோசனை கெட்டதல்ல. அமெரிக்காவின் மைக் கோசர் 1999-இல் கியூஎஸ்டி இதழில் வெளியிட்ட பெருக்கி இதே இரண்டு ஐஆர்எஃப்510-ஐ 28 வோல்ட்டில் ஓட்டி, ஒரு வாட் ட்ரைவில் 40 வாட் எடுத்தது. ஆனால் வோல்ட்டை ஏற்றினால் லோடையும் ஏற்ற வேண்டும். 24 வோல்ட்டில் 12.5 ஓமையே வைத்தால் பெருக்கி 77 வாட்டுக்கு முயலும், உச்ச மின்னோட்டம் 7 ஆம்பியர். அந்த டிரான்சிஸ்டரின் தாங்கும் அளவு 5.6 தான். அதுவே 1:1 டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் டிரெயின்கள் 50 ஓம் பார்க்கும், உச்ச பவர் 19 வாட், உச்ச மின்னோட்டம் 1.8 ஆம்பியருக்குள் அடங்கும். வோல்ட் கூடக்கூட மாஸ்ஃபெட்டின் உள் கெபாசிட்டன்ஸ்களும் குறையும் என்பதால் 28-இலும் கொஞ்சம் இலாபம். பழைய மடிக்கணினி சார்ஜர் ஒன்று 19 வோல்ட் தரும். அதில் முதலில் முயன்று பாருங்கள். அதன் ஸ்விட்சிங் இரைச்சலை மட்டும் ஃபில்டர் போட்டு அடக்க வேண்டும்.

காலியம் நைட்ரைடு சொன்ன நண்பருக்கு என் வணக்கம். அது கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கு உரிய சரக்கு. அங்கே பிரச்சினையே வேறு. 4ஜி, 5ஜி சிக்னல்களில் உச்சம் சராசரியைப் போல எட்டு, பத்து மடங்கு வரை போகும். உச்சத்துக்குப் பெருக்கியைக் கட்டினால் பெரும்பாலான நேரம் அது உங்களுடையதைப் போலவே அரைகுறை ஆட்டம் ஆடிச் சூடாகும். அதற்கு வில்லியம் டோஹர்ட்டி 1936-இலேயே பெல் ஆய்வகத்தில் விடை கண்டார். இரண்டு பெருக்கிகள். ஒன்று எப்போதும் வேலை செய்யும், இன்னொன்று உச்சம் வரும்போது மட்டும் விழிக்கும். விழிக்கும்போது முதல் பெருக்கி பார்க்கும் லோடும் மாறும்படி இணைப்பார்கள். ஏஎம் ஒலிபரப்புக்காகச் செய்தது, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு கோபுரங்களில் மறுபிறவி எடுத்திருக்கிறது. கவனித்தீர்களா, அங்கேயும் விஷயம் லோடுதான்.

உங்களுக்குப் பக்கத்திலேயே, பத்து பெரண்டாமில் 1973 முதல் இயங்கும் ஆலை, அன்று சீமென்ஸ், இன்று இன்ஃபினியன். அந்த இன்ஃபினியன் நிறுவனம் தன்னுடைய வானொலி பவர் டிரான்சிஸ்டர் பிரிவை 2018-இல் அமெரிக்காவின் கிரீ நிறுவனத்துக்கு விற்றது. அந்தப் பிரிவு 2023-இல் மேக்கம் நிறுவனத்தின் கைக்குப் போனது. நாம் ஓரிரு ரிங்கிட் மாஸ்ஃபெட்டோடு மல்லுக்கட்டும் இதே துறையில் எவ்வளவு பணம் புரள்கிறது பாருங்கள். உங்கள் 7 மெகாஹெர்ட்ஸுக்குக் காலியம் நைட்ரைடு தேவையில்லை. கேட்டுக்கு எதிர்மறை வோல்ட் முதலில் வர வேண்டும், டிரெயின் வோல்ட் பிறகு வர வேண்டும் என்று அடம்பிடிக்கும். கீழ் அலைவரிசையில் கெயின் அளவுக்கு மீறி இருப்பதால் தானாக அலையவும் செய்யும்.

மோர்ஸும் எஃப்டி8-உம் மட்டும் போதும் என்றால் இ வகுப்பு பக்கம் போகலாம். நேதன் சோகல், ஆலன் சோகல் இருவரும் 1975-இல் எழுதியது. டிரான்சிஸ்டரைச் சுவிட்சாகவே ஓட்டி, டிரெயின் வோல்ட் பூஜ்யத்துக்கு வரும் நேரம் பார்த்து மூடுவார்கள். 80 விழுக்காட்டுக்கு மேல் செயல்திறன் அமெச்சூர் மேசையிலேயே சாத்தியம், ஹீட்சிங்க் விரல் நகம் அளவு போதும். ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனிச் சுற்று வேண்டும் என்பதும், எஸ்எஸ்பி குரலை நேரடியாக ஏற்றுக்கொள்ளாது என்பதும் அதன் விலை.

கடைசியாக அந்த 100 வாட். 13.8 வோல்ட்டில் 100 வாட் வேண்டுமென்றால் டிரெயின்கள் 2.8 ஓம் பார்க்க வேண்டும், உச்ச மின்னோட்டம் 17 ஆம்பியர். அந்த நிலையில் பற்றுவைப்பின் தடையும் தரைத்தளத்தின் நீளமும் கூட லோடின் பகுதியாகிவிடும். கடையில் விற்கும் 100 வாட் ரேடியோக்கள் அதைச் செய்கின்றன, வீட்டு மேசையில் முதல் முயற்சிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 50 வோல்ட் எல்டிமாஸ் டிரான்சிஸ்டர்கள், என்எக்ஸ்பியின் எம்ஆர்எஃப்101, எம்ஆர்எஃப்300 போன்றவை, இதற்கு எளிய வழி. டிரான்சிஸ்டருக்கு 5 வோல்ட் ஒதுக்கிக் கணக்குப் போட்டால், 100 வாட்டுக்குத் தேவையான லோடு 40 ஓம். கிட்டத்தட்ட ஆன்டெனாவின் 50 ஓமேதான், ஆகவே 1:1 டிரான்ஸ்ஃபார்மரே 80 வாட் வரை தந்துவிடும். எம்ஆர்எஃப்300-ஐ ஏ, பி என்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு கால் வரிசைகளில் விற்கிறார்கள், புஷ்-புல் போர்டு வரைய வசதியாக.

ஆனால் கட்டுவதற்கு முன் இதையும் கணக்குப் பாருங்கள். 8 வாட்டை 16 ஆக்கினால் எதிர்முனையில் இருப்பவரின் எஸ் மீட்டர் அரைக்கட்டம் ஏறும். 8-லிருந்து 100-க்குப் போனால் இரண்டு கட்டத்துக்குச் சற்றுக் கீழே. இருபது மீட்டர் நீள டைபோலை தாமான் வீட்டுக் கூரையிலிருந்து இன்னும் சில அடி உயர்த்துவதில் அதில் ஒரு பங்கு இலவசமாகவே கிடைக்கலாம், கேட்பதும் சேர்ந்து மேம்படும். 100 வாட்டுக்குப் போவதென்றால் முதலில் உங்கள் உரிமத்தில் அனுமதித்த பவர் வரம்பைப் பாருங்கள், ஃபில்டரை அந்தப் பவருக்குப் புதிதாகக் கட்டுங்கள். அமெரிக்க விதி ஹார்மோனிக்குகள் மூல சிக்னலைவிடக் குறைந்தது 43 டெசிபல் கீழே இருக்கச் சொல்கிறது. வீட்டில் கட்டுகிறவர் 50-ஐக் குறிவைத்தால் பக்கத்து வீட்டு டிவிக்காரர் கதவைத் தட்ட மாட்டார்.

இப்போதைக்கு டிரான்ஸ்ஃபார்மரை 2:3 ஆகச் சுற்றி, பயாஸை 100-க்கு இறக்கி, சோர்ஸ் காலை வெட்டிவிட்டு, 7, 14, 21, 28 நான்கிலும் வாட்டையும் டிரெயின் ஆம்பியரையும் கேட் வோல்ட்டையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். ஆர்டி16-ஐ அதற்குப் பிறகு வாங்கலாம்.